காற்றா, கம்பியா?

பழைய கார் விற்கும் யார்டுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட்டால், பதினொரு மணிக்குப் போகிறவர் பார்க்காத ஒன்றைப் பார்க்கலாம். வரிசையில் நிற்கும் பெரிய எஸ்.யூ.வி.களில் ஒன்று, பாகன் சொல்லுக்கு முன்காலை மடக்கிய கோயில் யானை மாதிரி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே மற்ற மூன்று மூலையிலும் உள்ளங்கை நுழையும். அந்த மூலையில் விரல்கூட நுழையாது. யார்டுப் பையன் ஓடிவந்து ஸ்டார்ட் செய்வான். அடியில் எங்கோ ஒரு மோட்டார் முனகும். கொஞ்ச நேரத்தில் வண்டி எழுந்து நேராக நிற்கும். "பையில கொஞ்சம் காத்து எறங்கும் சார், ஸ்டார்ட் பண்ணா தானா ஏறிக்கும்" என்பார் விற்பவர்.

அவர் பொய் சொல்லவில்லை. காற்று இறங்குகிறது, ஸ்டார்ட் செய்தால் ஏறுகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, அதற்கான பில் யார் கைக்கு வரப்போகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

எந்த வண்டியில் எது

ஃபார்ச்சூனர், எண்டெவர், ஸ்கார்ப்பியோ, எக்ஸ்.யூ.வி. 700 என்று தேடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அவை இரும்புச் சுருளில், அதாவது காயில் ஸ்பிரிங்கில் ஓடுபவை. (2016க்கு முந்தைய எண்டெவரில் பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங்.) அவர்கள் 'காயில் வண்டியில் பார்க்க வேண்டியது' என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

புதிதாக முக்கால் கோடி, ஒரு கோடி என்று இருந்த ஜெர்மன், பிரிட்டிஷ் வண்டி எட்டு ஒன்பது வருடம் கழித்துப் புதுக் கிரெட்டா விலைக்கு இறங்கி வந்து நிற்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரி பாகங்களின் விலை இன்னும் அந்தக் கோடி ரூபாய் வண்டியின் விலையாகவே இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மெர்சிடிஸ் ஜிஎல், அதன் பின் வந்த ஜிஎல்எஸ் இரண்டும் நான்கு சக்கரத்திலும் காற்றில் நிற்பவை. 2002 முதல் வந்த ரேஞ்ச் ரோவரும் அப்படியே. டிஸ்கவரி 3, டிஸ்கவரி 4 பெரும்பாலும் காற்று. டிஸ்கவரி 3-இன் அடிப்படை ரகம் சில நாடுகளில் காயிலுடன் விற்கப்பட்டது. ஆடி க்யூ7, போர்ஷே கயென், ஃபோக்ஸ்வேகன் டூவாரெக் ஆகியவற்றில் ஒரே மாடலில் இரண்டும் உண்டு. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பாதி வழி: 2006-இல் வந்த தலைமுறையிலும் அதற்கு அடுத்ததிலும் பல வண்டிகளுக்கு முன்னால் காயில், பின்னால் மட்டும் காற்று. எக்ஸ்5 நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டப்படும் வண்டிதான். உள்ளூரில் பூட்டியது என்பதால் காற்றுப் பை உள்ளூர் விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே மாடல் பெயரை வைத்தோ விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்தோ முடிவு கட்ட வேண்டாம். செல்போன் டார்ச்சை அடித்துச் சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். இரும்புச் சுருள் தெரிந்தால் காயில். கறுப்பு ரப்பர் உறை, அடியில் மடிப்பு விழுந்து, இடுப்பில் சுருட்டிய வேட்டி மாதிரி தெரிந்தால் காற்று. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். உள்ளே வண்டியை ஏற்றி இறக்கும் பொத்தான் இருக்கிறது, வெளியே காயில் இருக்கிறது என்றால் கதை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு சொல் குழப்பம். இந்த ரப்பர்ப் பையை மெக்கானிக்குகள் சிலர் பெல்லோ என்பார்கள், சிலர் ஏர் பேக் என்பார்கள். "ஏர் பேக் போயிருக்கு" என்று யாராவது சொன்னால், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் உயிர்காக்கும் பையா, சக்கரத்துக்கு மேல் இருக்கும் பையா என்று உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பில்லும் பெரியவை, ஆனால் வேறு வேறு.

காற்று எப்படித் தாங்குகிறது

காயில் ஸ்பிரிங்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எடை ஏறினால் அமுங்கும். ஏழு பேரும் மூன்று பெட்டியும் ஏறினால் பின்பக்கம் தாழும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எடையைத் தாங்க ஸ்பிரிங்கை விறைப்பாகச் செய்தால், தனியாக ஓட்டும் நாளில் ஒவ்வொரு மேடும் முதுகில் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைத்தான் கம்பெனிக்காரர் தேர்ந்தெடுக்கிறார்.

காற்றுப் பையில் அந்தச் சமரசம் தேவையில்லை. எடை ஏறியதும் சக்கரத்தருகே உள்ள உயர சென்சார் 'தாழ்ந்துவிட்டோம்' என்று சொல்லும். கணினி வால்வைத் திறந்து கூடுதல் காற்றைப் பைக்கு அனுப்பும். உயரம் பழையபடி ஆகும். அழுத்தம் கூடியதால் பையும் அதற்கேற்ப விறைக்கும். காலி வண்டிக்கு மென்மை, நிறைந்த வண்டிக்குத் திடம். டிஸ்கவரி 3 போன்றவற்றில் பெரியவர்கள் ஏறி இறங்க வண்டி சுமார் 50 மில்லிமீட்டர் தாழும், கரடுமுரடான பாதையில் ஏறக்குறைய அதே அளவு உயரும். முட்டி வலியுள்ள அம்மாவை வைத்துக்கொண்டு வண்டி வாங்குகிறவருக்கு அந்த 50 மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

இதற்காக வண்டிக்குள் ஒரு சின்னத் தொழிற்சாலையே இருக்கிறது: மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர், ஈரம் உறிஞ்சும் டிரையர், பல வண்டிகளில் ஒரு காற்றுத் தொட்டி, வால்வு பிளாக், நைலான் குழாய்கள், நான்கு பைகள், உயர சென்சார்கள், ஒரு ரிலே, ஒரு கணினி. காயில் வண்டியில் இத்தனைக்கும் பதிலாக நான்கு இரும்புச் சுருள்.

இதில் தடுக்கி விழுந்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை. 1957-இல் அமெரிக்காவில் கேடிலாக் தன் விலை உயர்ந்த எல்டொராடோ ப்ரோம் காரைக் காற்று சஸ்பென்ஷனுடன் கொண்டு வந்தது. அடுத்த வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற பிராண்டுகளுக்கும் அதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. கசிவோ கசிவு. வாங்கியவர்கள் பலர் பையைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளை மாட்டிக்கொண்டார்கள். 1970-இல் முதல் ரேஞ்ச் ரோவர் பெயர் வாங்கியதே நீளமான, மென்மையான காயில் ஸ்பிரிங்கால்தான். 1992-இல் அதே வண்டிக்கு மின்னணுக் காற்று சஸ்பென்ஷன் வந்தது, 1994-இல் வந்த அடுத்த தலைமுறையும் காற்றிலேயே நின்றது. சில வருடங்களில் பிரிட்டனில் அதைக் காயிலுக்கு மாற்றிக் கொடுக்கும் கிட்டுகள் பிரபலமாகிவிட்டன. இன்றைய பைகளும் கம்ப்ரஸர்களும் அந்தக் காலத்தவற்றைவிட எவ்வளவோ மேல். ரப்பருக்கு வயதாகும் என்பது மட்டும் மாறவில்லை.

"ஆம்னி பஸ் எல்லாம் காத்துலதானே ஓடுது, அது தினம் சென்னை போய்ட்டு வரலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பஸ்ஸில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. பிரேக்குக்கே காற்று வேண்டும் என்பதால் என்ஜினோடு சேர்ந்து ஓடும் பெரிய கம்ப்ரஸர் எப்போதும் சுழல்கிறது. பெல்லோ லேசாகக் கசிந்தாலும் அது சமாளித்துவிடும். பெல்லோவை மாற்ற நெடுஞ்சாலையோரப் பட்டறையிலேயே ஆள் இருக்கிறார். எஸ்.யூ.வி.யில் இருப்பது 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர். சில நொடி, சில நிமிடம் ஓடி ஓய்வெடுக்கவே செய்தது. அதைப் பஸ் கம்ப்ரஸர் மாதிரி நாள் முழுக்க ஓட வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்தது.

ஒரு கசிவு எப்படி ஐந்து பில் ஆகிறது

பை கிழிந்து வெடிப்பது அபூர்வம். மடிப்பு விழும் இடத்தில் ரப்பர் வெயிலிலும் தூசியிலும் வறண்டு, மயிரிழை வெடிப்பு விடும். இரவில் வண்டி கொஞ்சம் தாழும். காலையில் கம்ப்ரஸர் பத்து நொடி அதிகம் ஓடும். யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் அது ஓட்டத்துக்கு நடுவிலும் அடிக்கடி ஓட ஆரம்பிக்கும், சூடாகும், பிஸ்டன் ரிங் தேயும். தேய்ந்தால் அழுத்தம் வர இன்னும் நேரம் ஓட வேண்டும், இன்னும் சூடாகும். இதற்கிடையே டிரையரில் உள்ள மணிகள் ஈரத்தில் ஊறிப்போய் வேலையை நிறுத்தும். ஈரக்காற்று வால்வு பிளாக்குக்குள் போய் உள்ளே உப்புப் பூக்க வைக்கும். கடைசியில் அதிக மின்சாரம் இழுத்து ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒட்டினால் வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரஸர் நிற்காது. எரிந்துதான் நிற்கும்.

பலர் அந்தக் கட்டத்தில்தான் பட்டறைக்குப் போகிறார்கள். "கம்ப்ரஸர் போச்சு" என்கிறார் மெக்கானிக். புதிது மாட்டுகிறார்கள். பை அதே பை. எட்டு மாதத்தில் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகிறது. என் உறவினர் ஒருவர் இப்படி இரண்டு கம்ப்ரஸர் வாங்கினார். மூன்றாவதை வாங்கும் முன் யாரோ ஒரு புண்ணியவான் சோப்புத் தண்ணீரை எடுத்து முன் இடது பையின் மடிப்பில் தெளித்தார். குமிழி வந்தது. அந்தப் பையை முதலிலேயே மாற்றியிருந்தால் இரண்டு கம்ப்ரஸர் மிச்சம்.

விற்பவர் கம்ப்ரஸரைப் புதிதாக மாற்றிய ரசீதைப் பெருமையாகக் காட்டினால், அந்தப் பெருமையில் பங்கு கொள்ளாதீர்கள். பழையது ஏன் போனது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ரசீதில் பதில் இல்லையென்றால், கம்ப்ரஸரைக் கொன்ற கசிவு இன்னும் வண்டியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டேப்பும் பொறுமையும்

காற்று வண்டியைச் சோதிக்க உங்களுக்கு வேண்டியது ஒரு டெய்லர் டேப், ஒரு டார்ச், சோப்புத் தண்ணீர் அடைத்த ஸ்பிரே பாட்டில், இரண்டு நாள். இதில் இரண்டு நாளைத்தான் விற்பவர் தரத் தயங்குவார். தராவிட்டால் அதுவே ஒரு தகவல்.

முதல் நாள் மாலை, சமதரையில், ஸ்டார்ட் செய்து வண்டி சாதாரண உயரத்துக்கு வந்ததும் அணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும். சக்கர நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும். மறுநாள் காலை, யாரும் கதவைத் திறக்கும் முன்பே, மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் கதவைத் திறந்தாலே கணினி விழித்து உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும்.

சில மில்லிமீட்டர் மாறியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரவுக் குளிரில் காற்று சுருங்கும். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தால் அந்த மூலைப் பையிலோ அதன் குழாய் இணைப்பிலோ கசிவு. முன் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். லேண்ட் ரோவர் வண்டிகளில் ஒரு சூட்சுமம்: நிறுத்திய பிறகும் கணினி சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அதற்குச் சமமாக மற்றவற்றையும் இறக்கிவிடும். நான்கும் அழகாக ஒரே மட்டத்தில் தாழ்ந்திருந்தால் 'நான்கு பையும் போச்சு' என்று பயப்படவும் வேண்டாம், 'நேராகத்தானே நிற்கிறது' என்று சந்தோஷப்படவும் வேண்டாம். கசிவது ஒன்றாகவே இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர்தான் வழி.

பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வெளியே நின்று கேளுங்கள். நல்ல கம்ப்ரஸர் சீராக முனகும், சீக்கிரம் ஓயும். தேய்ந்தது தகரத்தில் கல் உருட்டியது போலச் சத்தமிடும், ஓயவே ஓயாது. சாதாரண உயரத்திலிருந்து மேல் உயரத்துக்கு ஏற்றுங்கள், மறுபடி இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள். காற்றுத் தொட்டி உள்ள வண்டி முதல்முறை தொட்டியில் இருக்கும் காற்றை வைத்தே விறுவிறுவென ஏறிவிடும். இரண்டாம், மூன்றாம் முறைதான் கம்ப்ரஸரின் உண்மையான பலம் தெரியும். சோதனை ஓட்டத்தில் முதல்முறை ஏற்றிக் காட்டிவிட்டு "பாத்தீங்களா சார்" என்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

டாஷ்போர்டு விளக்கைக் கவனியுங்கள். சாவி திருப்பியதும் சஸ்பென்ஷன் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை, யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். எரிந்துகொண்டே இருந்தால், "பேட்டரி வீக் சார், அதனாலதான்" என்ற பதில் வரும். இது பாதி உண்மை. பேட்டரி தளர்ந்தால் இந்த வண்டிகள் சம்பந்தமில்லாத விளக்கையெல்லாம் காட்டும். பேட்டரியை மாற்றிவிட்டு, விளக்கு அணைந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பல நேரம் அழைப்பு வராது.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி ரீடர் என்ஜின் பிழைகளைத்தான் படிக்கும். சஸ்பென்ஷன் கணினியோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் தனிப்பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், முன்பு வந்து பதிவாகியிருக்கும் பிழைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்கவரி 3-இல் சி1ஏ20 என்று ஒன்று வந்திருந்தால், தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்று பொருள். கம்ப்ரஸர் களைத்துவிட்டது அல்லது எங்கோ காற்று போகிறது. நேற்றுத்தான் எல்லாப் பிழைகளையும் அழித்த சுத்தமான ஸ்லேட்டைக் காட்டினால், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

எல்லாச் சாய்வும் கசிவு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர சென்சாரின் சின்ன இணைப்புக் கம்பி துருப்பிடித்து ஒடிந்தால், கணினிக்குத் தப்பான உயரம் போகும். வண்டி கோணலாக நிற்கும். அது சின்ன வேலை. பெரிய செலவு என்று விற்பவரே பயந்து விலையைக் குறைத்திருந்தால், அந்தக் கோணல் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று வெள்ளம் பார்த்த ஊர்களிலிருந்து வரும் வண்டியில் கம்ப்ரஸரையும் அதன் மின் இணைப்பையும் கழற்றியே பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அது தாழ்வான இடத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் சீட்டு மாற்றி, கார்பெட் மாற்றி, வாசனை அடித்து வந்துவிடும். கனெக்டருக்குள் பூத்த பச்சைக் களிம்பைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எலி கடித்த நைலான் குழாயும் நம் ஊர் விசேஷம். தோப்பு வீட்டில் ஆறு மாதம் நின்ற வண்டி என்றால் அதையும் தேடுங்கள்.

காயில் வண்டியில் பார்க்க வேண்டியது

இது சுருக்கமாக முடியும். சுருளின் கடைசி வளையம் உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் உப்பும் தேங்கும், அங்கேதான் துருப்பிடித்து ஒடியும். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் வாழ்ந்த வண்டிகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒடிந்த துண்டு கீழேயே உட்கார்ந்திருப்பதால் வண்டி லேசாகத் தாழ்ந்ததைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. சுருளின் வளையங்களுக்கு நடுவே வட்டமான ரப்பர் பஃபர் செருகியிருந்தால், வண்டி அதிகச் சுமை சுமந்தது அல்லது ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. 'உயரத்துக்காகப் போட்டேன்' என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கட கட' என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் குற்றவாளி இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க், புஷ், பால் ஜாயின்ட். காற்று வண்டியிலும் இதே புஷ்கள் இருக்கின்றன, இதே போலத் தேயும். 'காயில் என்றால் செலவே இல்லை' என்று நினைத்து வாங்கியவர்கள் லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது நினைத்தது தப்பு என்று உணர்வார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். காயில் வண்டி கெட்டால் குலுங்கிக்கொண்டாவது வீடு வந்து சேரும். காற்று முழுக்க இறங்கிய வண்டி ரப்பர்த் தடுப்பின் மேல் உட்கார்ந்துவிடும். அப்படியே ஓட்டினால் மீதிப் பையும் கிழியும், டயரும் உரசும். ஏலகிரி மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு அது நடந்தால், தேவைப்படுவது தரையோடு தாழும் தட்டு வைத்த மீட்பு வண்டி.

கழற்றி மாட்டிய வண்டி

உள்ளே உயரப் பொத்தான், வெளியே காயில்: இது யாரோ காற்றைக் கழற்றி இரும்பை மாட்டிய வண்டி. சந்தையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. 'தொல்லை விட்டது' என்பது ஒன்று, 'வண்டியைக் கெடுத்துட்டாங்க' என்பது மற்றொன்று. என் கட்சி, எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த மாடலுக்கென்றே செய்த கிட், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், கணினியை முறையாக மாற்றி எழுதியது, உயரம் கம்பெனி அளவில் இருப்பது, மாற்றிய பின் அலைன்மென்ட் செய்த ரசீது: இத்தனையும் இருந்தால் பழைய வண்டிக்கு அது நியாயமான வாழ்க்கை. ஆனால் அடிக்கடி நான் பார்ப்பது வேறு. வேறு வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தி, எச்சரிக்கை விளக்கின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரின் ஃபியூஸையும் உருவிய வண்டிகள். அவற்றில் ஷாக் அப்சார்பர் இன்னும் காற்றுப் பைக்காகக் கணக்கிட்டதே இருக்கும். நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் போனால் படகு மாதிரி ஆடும். சென்சார் உயரத்தை நம்பி வேலை செய்யும் ஹெட்லைட் மட்டமும் மலைப்பாதை மோடுகளும் குழம்பும். சோதனை ஓட்டத்தில் ஊருக்குள் மட்டும் ஓட்டினால் இது தெரியாது.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்சூரன்ஸ் கம்பெனி இந்த மாற்றத்தை எப்படிப் பார்க்கும் என்பதை ஏஜென்ட் வாயால் கேட்டுத் திருப்தியடையாமல், எழுத்தில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து குனிந்து பார்க்கும் நாளில் கேட்கிற கேள்வியை, முன்பணம் கொடுக்கும் முன்பே நாம் கேட்டுவிடுவது நல்லது.

விலையை எங்கே நிறுத்துவது

காற்று வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, அந்த மாடலின் பெயரைச் சொல்லி நான்கு பை, கம்ப்ரஸர், ரிலே, வால்வு பிளாக் ஆகியவற்றுக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்: கம்பெனி சர்வீஸ், அந்த பிராண்டை மட்டும் பார்க்கும் தனிப்பட்டறை, வெளிநாட்டு மாற்றுப் பாகம் இறக்குமதி செய்பவர். மூன்று விலைக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கும். நடு விலையைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது தாண்டிய வண்டியில் பைகள் இன்னும் கம்பெனி போட்டவையே என்றால், நான்கும் முடியப்போகிறது என்று கருதி முழுத் தொகையையும் விலையில் கழியுங்கள். "முன் வலது பக்கம் மட்டும் புதுசு சார்" என்றால் மகிழ வேண்டாம். அதே வயது, அதே வெயில், அதே ரோடு. முன் இடதுதான் அடுத்த முறை. பைகளை அச்சுக்கு இரண்டாக மாற்றுவதே நியாயம், ஒன்றை மட்டும் மாற்றியவர் வண்டியை விற்க நினைத்தபோதுதான் மாற்றியிருக்கிறார். பையின் மேல் பல நேரம் தயாரிப்பு நாள் அச்சாகியிருக்கும், ரசீதோடு ஒப்பிடுங்கள். யார்டுக்காரர் ஒரு வருட வாரண்டி தருகிறார் என்றால், அதில் காற்று சஸ்பென்ஷன் சேர்த்தியா விலக்கா என்று சிறு எழுத்தைப் படியுங்கள்.

ஒரே மாடலில் இரண்டும் கிடைத்தால் என்ன செய்வது? வீட்டுக்கு அது ஒன்றே வண்டி, அந்த பிராண்டின் பட்டறை நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஐந்தாறு வருடம் வைத்திருப்பதாகத் திட்டம் என்றால் யோசிக்காமல் காயில் எடுங்கள். மாதம் இரண்டு முறை ஏழு பேரோடு நெடுந்தூரம், வீட்டில் வயதானவர்கள், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ நம்பிக்கையான மெக்கானிக், வங்கியில் நான்கு பைக்கான பணம் தனியாக: இவை நான்கும் இருந்தால் காற்று வண்டியின் சுகத்துக்கு நிகர் இல்லை. கடைசி ஒன்று மட்டும் இல்லாமல் மற்ற மூன்றும் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்களுக்கும் காயில்தான்.

வாங்கிய முதல் வாரம்

காற்று வண்டி என்று முடிவாகிவிட்டால், முதல் வாரமே ரிலேயையும் டிரையரையும் மாற்றிவிடுங்கள். முழுக் கணக்கில் அவை சில்லறை. தண்ணீர் அடித்துக் கழுவும்போது பைகளின் மடிப்பில் சிக்கிய மண்ணையும் கரைத்து விடச் சொல்லுங்கள். மண்தான் மடிப்பை அரைக்கிறது. மாதம் ஒருமுறை டேப்பை எடுத்து அதே நான்கு இடத்தில் அளந்து தேதி போட்டு எழுதுங்கள். கசிவு தொடங்கும் மாதத்தை அந்தத் தாள் சொல்லிவிடும்.

ஜாக்கி விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கியதும், 'இந்த மூலை உயர்ந்துவிட்டதே' என்று நினைத்துக் கணினி அந்தப் பையின் காற்றை வெளியேற்றப் பார்க்கும். அதனால் தூக்கும் முன் ஜாக் மோடைப் போட வேண்டும். சில வண்டிகளில் அது திரையின் மெனுவில் இருக்கும், சிலவற்றில் பொத்தானை நீண்ட நேரம் அழுத்த வேண்டும். கையேட்டைப் பார்த்து வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். பஞ்சர் கடையில் வண்டியை விடும்போது சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கூடவே நின்று, "தம்பி, ஒரு நிமிஷம், நான் மோடு போட்டுத் தர்றேன், அப்புறம் தூக்குங்க" என்று சொல்லி, போட்டுக் கொடுங்கள்.